பேக்கேஜுக்குச் சரியான உரிமக் குறி இடுவது: முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கம் திறமூல மென்பொருள் (மூல நிரலை யாரும் பார்த்துத் திருத்தவும் பகிரவும் விடும் மென்பொருள்) எழுதும் பிள்ளைகளின் பேக்கேஜ்களை, அதாவது பிறர் இறக்கி நிறுவும்படி கட்டிய தொகுப்புகளை, சரிபார்த்துக் கொடுத்து வருகிறேன். பெரும்பாலானோர் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பேக்கேஜை எந்த நிபந்தனைகளில் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமக் குறியை முதலில் எழுதிவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று அப்புறம் பார்க்கிறார்கள். பலர் பார்ப்பதே இல்லை. மேலே சீலா என்று எழுதிய ஐஸ் பெட்டிக்குள் சாளை இருந்தால் ஏலத்தில் விடுவார்களா? அதனால் இந்த வழிகாட்டியில் குறி எழுதுவது கடைசிக்குப் பக்கத்தில்தான் வரும்.

விளக்கத்துக்கு ஒரு மாதிரிப் பேக்கேஜை எடுத்துக்கொள்வோம். பெயர் 'கச்சான்'. காற்றின் திசையையும் வேகத்தையும் கொடுத்தால், கச்சான், வாடை, கொண்டல் என்று கடற்கரையில் சொல்லும் பெயரைத் திருப்பித் தரும். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை படகு கட்டும் இடங்களை வரைபடத்தில் காட்டும். பைதானில் எழுதியது.

ஒரு குறிப்பு: இங்கே குறிகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். உங்கள் கோப்பில் இடும்போது எஸ்பிடிஎக்ஸ் பட்டியலில் உள்ள ஆங்கில வடிவத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். கையால் தட்டினால் ஒரு கோடோ புள்ளியோ தவறும்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் எஸ்பிடிஎக்ஸ் உரிமப் பட்டியல். உலகத்தில் புழங்கும் உரிமங்களுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்துக் குழப்பாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரே குறுங்குறி தரும் பட்டியல் இது. எஸ்பிடிஎக்ஸ் என்ற வரையறையே 2021-இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. எல்லா உரிமங்களின் முழு வாசகமும் சேர்ந்த களஞ்சியத்தை ஜிப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வாசகங்களை ஒப்பிடும்போது பக்கம் பக்கமாகத் திறந்து மூட வேண்டியிருக்கும்; சிக்னல் ஒரு கம்பிக்கு இறங்கிவிட்டால் அந்த வேலை நகராது.

இரண்டாவது, கோப்புகளில் உள்ள உரிம வாசகங்களைத் தேடிக் காட்டும் ஸ்கேன்கோட் போன்ற ஒரு வருடிக் கருவி. டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளை வைத்திருப்பவர்களுக்கு லைசன்ஸ்செக் என்ற சின்னக் கருவியே தொடக்கத்துக்குப் போதும்.

மூன்றாவதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. இந்த நிரலின் பதிப்புரிமை யாருடையது? சென்னைக் கம்பெனி ஒன்றில் சம்பளத்துக்கு இருந்துகொண்டு வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர், பணியின் பகுதியாக எழுதிய நிரலுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி முதல் உரிமையாளர் முதலாளிதான். உரிமையே இல்லாதவர் உரிமம் வழங்க முடியாது. சந்தேகம் இருந்தால் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டு வாருங்கள்.

2. உள்ளே இருப்பதை எழுதி வையுங்கள்

கோப்புறையைத் திறந்து, நீங்கள் எழுதாத ஒவ்வொன்றையும் தனியே பிரியுங்கள். 'கச்சான்' கோப்புறையில் இவை இருந்தன: நாம் எழுதிய பைதான் கோப்புகள், வரைபடம் காட்டுவதற்காக நகலெடுத்துப் போட்ட லீஃப்லெட் என்ற நிரல், நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு, ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்திலிருந்து எடுத்த இடக் குறிப்புகள், ஓதம் ஏறி இறங்கும் நேரத்தைக் கணக்கிட எங்கிருந்தோ கொண்டுவந்த ஒரு சி கோப்பு, எச்சரிக்கையைத் தமிழில் வாசிக்கும் ஒலித்துண்டுகள்.

"அண்ணே, நாங்க எழுதினதெல்லாம் எம்ஐடிதானே, எம்ஐடின்னு போட்டா போதாதா?" என்று கேட்டான் அதை எழுதிய பையன். எம்ஐடி என்பது மிகக் குறைந்த நிபந்தனையுள்ள ஓர் உரிமம். "அந்த சி பைல் யார் எழுதினது தம்பி?" என்றால் பதில் இல்லை. மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் வரலாற்றில் அந்தக் கோப்பு எந்தக் கமிட்டில் (பதிவில்) உள்ளே வந்தது என்று பார்த்தால், பாதி நேரம் கமிட் செய்தியிலேயே மூல முகவரி கிடைத்துவிடும். மீதி நேரம், கோப்பில் உள்ள விசித்திரமான மாறிப் பெயர் ஒன்றை எடுத்துத் தேடுங்கள்.

இங்கே இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ஒன்று, உள்ளே நகலெடுத்துப் போட்டதை மறப்பது. மற்றொன்று, உள்ளே இல்லாததையும் சேர்ப்பது. பைதானின் நிறுவும் கருவியான பிப் தனியாக இறக்கிக்கொள்ளும் சார்புகள் (உங்கள் நிரலுக்குத் தேவையான பிற பேக்கேஜ்கள்) உங்கள் பேக்கேஜுக்குள் இல்லை. அவற்றின் உரிமம் உங்கள் குறிக்குள் வராது. ஆனால் ரஸ்ட், கோ மாதிரி மொழிகளில் தொகுத்து முடித்த பைனரியை (நேரடியாக இயங்கும் கோப்பை) வெளியிட்டால் கதை வேறு. சார்புகள் எல்லாம் அந்த ஒரே கோப்புக்குள் போய்விடுவதால் அவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒலித்துண்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. குரல் கொடுத்தவர் பாம்பன் பெரியவராக இருந்தாலும் கல்லூரித் தோழியாக இருந்தாலும், எதற்காகப் பதிகிறோம், யார் வேண்டுமானாலும் மறுபடி பயன்படுத்தலாமா என்பதைச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். சம்மதம் இருந்தால், பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்னும் சிசி-பை-4.0 இடலாம். இல்லாவிட்டால் அந்தத் துண்டை எடுத்துவிடுவதே நல்லது.

3. வாசகத்தைப் படியுங்கள், பெயரை நம்பாதீர்கள்

ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் 'பிஎஸ்டி உரிமம்' என்று இருந்தால் உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிஎஸ்டி என்ற பெயரில் பல உரிமங்கள் உண்டு. நிபந்தனைகளைப் பாருங்கள். மூல நிரலுக்கு ஒன்று, பைனரிக்கு ஒன்று என இரண்டு மட்டும் இருந்தால் பிஎஸ்டி-2-கிளாஸ். எழுதியவர் பெயரைச் சொல்லி உங்கள் பொருளுக்கு விளம்பரம் தேடக் கூடாது என்று மூன்றாவது இருந்தால் பிஎஸ்டி-3-கிளாஸ். விளம்பரங்களில் எல்லாம் நன்றி தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தால் பிஎஸ்டி-4-கிளாஸ். இது ஜிபிஎல் என்ற உரிமத்தோடு சேராது.

இதில் ஒரு கண்கட்டு வித்தை உண்டு. சில பழைய கோப்புகளில் நிபந்தனைகளின் எண்கள் 1, 2, 4 என்று இருக்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 1999-இல் விளம்பர நிபந்தனையை நீக்கியபோது, நீக்கியவர்கள் எண்ணை மாற்றாமல் விட்டதால் வந்தது. கடைசி எண் 4 என்பதைப் பார்த்து நான்கு நிபந்தனை என்று எழுதிவிடாதீர்கள். அது மூன்றுதான்.

எம்ஐடியும் ஐஎஸ்சியும் நீளத்திலும் தோற்றத்திலும் ஒன்றுபோல இருக்கும். எம்ஐடி 'பெர்மிஷன் இஸ் ஹியர்பை கிராண்டட்' என்று தொடங்கும். ஐஎஸ்சி 'பெர்மிஷன் டு யூஸ், காப்பி' என்று தொடங்கும். பதிப்புரிமை அறிவிப்பை எல்லா நகலிலும் வைக்க வேண்டும் என்ற வாக்கியம் எம்ஐடியில் இல்லாமல் போனால் அது எம்ஐடி-0. அதே வாக்கியம் ஐஎஸ்சியிலிருந்து போனால் 0பிஎஸ்டி. ஒரு வாக்கியம்தான் வித்தியாசம். ஆனால் குறி வேறு, பயனரின் கடமையும் வேறு.

எம்ஐடியின் அடியில் 'கல்விக்கு மட்டும்' என்று யாராவது ஒரு வரி சேர்த்திருந்தால் அது எம்ஐடி இல்லை. திறமூலமும் இல்லை. நீங்களும் உங்கள் உரிமக் கோப்பில் இப்படி எதையும் சேர்க்காதீர்கள். வாசகத்தைத் தமிழில் மொழிபெயர்த்து அதன் இடத்தில் வைப்பதும் வேண்டாம். தமிழ் விளக்கம் கொடுக்க ஆசை இருந்தால் ரீட்மீயில் கொடுங்கள். உரிமக் கோப்பு மூல வாசகமாகவே இருக்கட்டும். கருவிகள் வாசகத்தை ஒப்பிட்டுத்தான் உரிமத்தைக் கண்டுபிடிக்கின்றன.

உரிமமே காணவில்லையா? பொதுவில் கிடக்கிறது என்பதால் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகாது. உரிமம் தராத நிரலின் எல்லா உரிமையும் எழுதியவரிடமே இருக்கிறது. அவரிடம் கேளுங்கள், அல்லது நீக்குங்கள்.

4. ஜிபிஎல் வந்தால் நிதானமாகப் போங்கள்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். தன்னோடு ஒரே நிரலாக இணைந்து வெளியாவதும் தன் விதிகளின்படியே வர வேண்டும் என்று கேட்கும் உரிமம் ஜிபிஎல். ஜிபிஎல் 2-ஆம் பதிப்பு 1991-இல் வந்தது, 3-ஆம் பதிப்பு 2007-இல். எந்தப் பதிப்பு என்பதோடு வேலை முடியவில்லை. 'இந்தப் பதிப்பு மட்டும்' என்கிறாரா, 'இது அல்லது இதற்குப் பிந்தையது' என்கிறாரா என்பதும் வேண்டும். முதலாவதற்கு ஜிபிஎல்-2.0-ஒன்லி, இரண்டாவதற்கு ஜிபிஎல்-2.0-ஆர்-லேட்டர். வெறும் ஜிபிஎல்-2.0 என்ற பழைய குறி வழக்கொழிந்ததாகப் பட்டியலிலேயே குறித்திருக்கிறார்கள். புதிதாக எதிலும் அதை எழுதாதீர்கள்.

இந்தப் பதிலைக் காப்பியிங் என்ற உரிமக் கோப்பில் தேடக் கூடாது. இரண்டு வகைத் திட்டங்களிலும் அந்தக் கோப்பு ஒன்றேதான். அதன் கடைசியில், 'உங்கள் நிரலுக்கு இதை எப்படிப் பயன்படுத்துவது' என்ற பின்னிணைப்பு இருக்கிறது. அதில் 'ஆர் எனி லேட்டர் வெர்ஷன்' என்று ஒரு மாதிரி அறிவிப்பும் இருக்கும். புதியவர்கள் அதைப் பார்த்து, திட்டமே அப்படிச் சொல்வதாக எழுதிவிடுகிறார்கள். அது வெறும் மாதிரிதான்.

பதில் மூலக் கோப்புகளின் தலைப்பில் இருக்கும். 'கச்சான்' சி கோப்பின் தலைப்பில் 'ஐதர் வெர்ஷன் 2 ஆஃப் த லைசன்ஸ், ஆர் அட் யுவர் ஆப்ஷன் எனி லேட்டர் வெர்ஷன்' என்று தெளிவாக இருந்தது. ஆகவே ஜிபிஎல்-2.0-ஆர்-லேட்டர். கோப்புகளில் ஒன்றுமே இல்லை, ரீட்மீயில் 'ஜிபிஎல்' என்று மட்டும் இருக்கிறது என்றால், எழுதியவருக்கு ஒரு வரி அனுப்பிக் கேட்டுவிடுங்கள். ஊகம் வேண்டாம்.

விலக்குகளையும் கவனியுங்கள். ஜிபிஎல் வாசகத்துக்குக் கீழே கூடுதல் அனுமதி தரும் பத்தி ஏதாவது இருந்தால், அதற்கும் பெரும்பாலும் தனிக் குறி உண்டு. ஜாவா மொழியின் திறமூல வடிவமான ஓபன்ஜேடிகே இதற்கு நல்ல உதாரணம்: ஜிபிஎல்-2.0-ஒன்லி வித் கிளாஸ்பாத்-எக்ஸெப்ஷன்-2.0. 'வித்' பகுதியை விட்டுவிட்டால், உண்மையில் இருக்கும் அனுமதி இல்லாததுபோல் ஆகிவிடும்.

5. பட்டியலில் தேடுங்கள்

இப்போதுதான் குறி. படித்த வாசகத்தைப் பட்டியலில் உள்ள வாசகத்தோடு ஒப்பிட்டு எடுங்கள். 'கச்சான்' கணக்கு இப்படி வந்தது: நம் நிரல் எம்ஐடி, லீஃப்லெட் பிஎஸ்டி-2-கிளாஸ், எழுத்துரு ஓஎஃப்எல்-1.1, ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவு ஓடிபிஎல்-1.0, சி கோப்பு ஜிபிஎல்-2.0-ஆர்-லேட்டர், ஒலி சிசி-பை-4.0.

பட்டியலில் இல்லாத உரிமத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் ஒன்றை எழுதக் கூடாது. 'லைசன்ஸ்ரெஃப்-' என்று தொடங்கி உங்களுக்கு விருப்பமான பெயரைச் சேர்த்து, முழு வாசகத்தையும் உடன் வையுங்கள்.

பட்டியலில் இருப்பதாலேயே அது திறமூல உரிமம் என்றும் நினைக்க வேண்டாம். எஸ்எஸ்பிஎல்-1.0, பியுஎஸ்எல்-1.1, வணிகத்தைத் தடுக்கும் சிசி-பை-என்சி எல்லாமே பட்டியலில் உண்டு. திறமூல வரையறைக்குள் இவை வராது. திறமூல வரையறையைப் பேணும் ஓஎஸ்ஐ அமைப்பின் ஒப்புதல் பெற்றதா என்று பட்டியலிலேயே தனி நெடுவரிசை இருக்கிறது. அதைப் பாருங்கள்.

6. கோவையாகச் சேருங்கள்

ஒன்றுக்கு மேற்பட்ட உரிமம் இருந்தால் 'ஆண்ட்', 'ஆர்' என்ற இரண்டு சொற்களால் இணைத்து ஒரே கோவையாக எழுத வேண்டும். 'ஆண்ட்' என்றால் இரண்டுக்கும் கட்டுப்பட வேண்டும். 'ஆர்' என்றால் பயனர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். இவற்றை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். காற்புள்ளி, சாய்கோடு எல்லாம் வேண்டாம். ரஸ்டின் கார்கோவில் முன்பு சாய்கோடு புழங்கியது, இப்போது அதுவும் வழக்கொழிந்தது.

'கச்சான்' முழுப் பேக்கேஜுக்கும் எம்ஐடி ஆண்ட் பிஎஸ்டி-2-கிளாஸ் ஆண்ட் ஓஎஃப்எல்-1.1 என்று தொடங்கி மற்றவையும் 'ஆண்ட்' போட்டே வரும். இதைப் பார்த்து நீளமாக இருக்கிறதே என்று ஒருவர் 'ஆர்' போட்டிருந்தார். அப்படி எழுதினால், ஜிபிஎல் கோப்பையும் எம்ஐடி விதிப்படி எடுத்துக்கொள்ளலாம் என்று நாமே அனுமதி கொடுத்ததாக ஆகும். அந்த அதிகாரம் நமக்கு இல்லை.

'ஆர்' எழுதும் உரிமை எழுதியவருக்கு மட்டுமே. ரஸ்ட் உலகத்தில் எம்ஐடி ஆர் அப்பாச்சி-2.0 என்பது சர்வ சாதாரணம். பெர்ல் தொகுப்புகளில் 'பெர்லின் அதே விதிகள்' என்று இருந்தால் ஆர்டிஸ்டிக்-1.0-பெர்ல் ஆர் ஜிபிஎல்-1.0-ஆர்-லேட்டர் என்று பொருள். கலந்து வரும்போது அடைப்புக்குறி இடுங்கள். இல்லாவிட்டால் 'வித்' முதலிலும், 'ஆண்ட்' அடுத்தும், 'ஆர்' கடைசியிலும் பிணையும்.

7. சேர்ந்து இருக்க முடியுமா என்று பாருங்கள்

கோவை எழுதிவிட்டதாலேயே உரிமங்கள் ஒத்துப்போகும் என்று இல்லை. எம்ஐடியும் பிஎஸ்டி-2-கிளாஸும் ஜிபிஎல்லோடு சேரும். ஆனால் சி கோப்பு நம் பைதானோடு ஒரே நிரலாக இணைகிறது என்பதால், இணைந்த நிரலை ஜிபிஎல் விதிகளின்படிதான் வெளியிட முடியும். நம் கோப்புகளின் குறி எம்ஐடியாகவே இருக்கும். முழுதாக எடுப்பவருக்கு ஜிபிஎல் கடமை உண்டு. இது பிடிக்கவில்லை என்றால், வெளியிடுவதற்கு முன்பே அந்தக் கோப்பை எடுத்துவிட்டு வேறு வழி தேட வேண்டும்.

இன்னொரு பொறி: அப்பாச்சி-2.0 நிரல் ஜிபிஎல் 2-ஆம் பதிப்போடு சேராது, 3-ஆம் பதிப்போடு சேரும் என்பது ஜிபிஎல்லை எழுதிய எஃப்எஸ்எஃப் அமைப்பின் நிலை. நாளைக்கு 'கச்சான்' உள்ளே அப்பாச்சி நிரல் ஒன்று வந்தால், சி கோப்பு 'ஆர்-லேட்டர்' என்பதால் 3-ஆம் பதிப்பைத் தேர்ந்து தப்பிக்கலாம். 'ஒன்லி' ஆக இருந்தால் வழி அடைந்துவிடும். 4-ஆம் படியில் அவ்வளவு நேரம் செலவழித்தது இதற்குத்தான்.

எழுத்துரு, வரைபடத் தரவு, ஒலி ஆகியவை நிரலோடு இணைவதில்லை, அருகில் இருக்கின்றன. அவரவர் உரிமத்தோடு இருந்துகொள்ளும். ஓடிபிஎல் தரவுக்கு, ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களைக் குறிப்பிடும் வரி வரைபடத்தின் மீதே தெரிய வேண்டும். எழுத்துருவைச் சுருக்கி வெட்டினால், அதற்கு ஒதுக்கப்பட்ட பெயர் ஏதும் உண்டா என்று உரிமக் கோப்பின் மேல்வரிகளில் பாருங்கள். இருந்தால், வெட்டிய எழுத்துருவுக்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

8. குறியை அதனதன் இடத்தில் இடுங்கள்

முதலில் உரிம வாசகங்கள். 'லைசன்சஸ்' என்ற கோப்புறையில் ஒவ்வொரு உரிமத்தின் முழு வாசகத்தையும் அதன் குறியையே பெயராகக் கொண்ட கோப்பில் வையுங்கள். எம்ஐடி வாசகத்தில் ஆண்டு, பெயர் என்று காலியாக இருக்கும் இடங்களை நிரப்புங்கள். நிரப்பாமலே வெளியான பேக்கேஜ்கள் ஏராளம். லீஃப்லெட்டைச் சுருக்கும்போது தலைப்புக் குறிப்பு அழிந்திருக்கக் கூடும். அதன் உரிமத்தைப் பதிப்புரிமை வரியோடு பக்கத்திலேயே வையுங்கள். அப்பாச்சி நிரலோடு நோட்டீஸ் கோப்பு வந்தால் அதில் உள்ள அறிவிப்புகளும் கூடவே போக வேண்டும்.

அடுத்து ஒவ்வொரு மூலக் கோப்பின் தலையிலும் 'எஸ்பிடிஎக்ஸ்-லைசன்ஸ்-ஐடென்டிஃபையர்' என்ற வரி. லினக்ஸ் கெர்னல் 2017 முதல் இப்படித்தான் செய்கிறது. கோப்புகள் தனித்தனியே பிய்த்து எடுத்துப் போகப்படும்போது உரிமம் கூடவே போக இதுதான் வழி. ஷெல், பைதான் ஸ்கிரிப்டில் முதல் வரி ஷிபாங்காக (எதைக் கொண்டு ஓட்ட வேண்டும் என்று சொல்லும் வரியாக) இருந்தால் குறி இரண்டாவது வரியில். ஜேசன், எழுத்துரு, ஒலி போன்றவற்றில் குறிப்பு எழுத முடியாது. அதே பெயரோடு '.லைசன்ஸ்' என்று முடியும் துணைக் கோப்பு வைக்கலாம்.

அப்புறம்தான் பேக்கேஜ் விவரக் கோப்பு.

பைதானில் பைப்ராஜெக்ட் கோப்பின் 'லைசன்ஸ்' புலத்தில் கோவையை நேரடியாகச் சரமாக எழுதலாம். பைதானின் பெப் 639 என்ற வரையறை கொண்டுவந்த முறை இது. பேக்கேஜ் கட்ட செட்டப்டூல்ஸ் கருவியைப் பயன்படுத்தினால் 77 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். பழைய 'லைசன்ஸ்' வகைப்பாட்டு வரிகளையும் விட்டுவைத்தால் பேக்கேஜ் கட்டும் வேலையே நின்றுவிடும். அவற்றை நீக்குங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களுக்கான என்பிஎம்மில் இரண்டு பொறி. தொடக்கக் கட்டளையில் எண்டரைத் தட்டிக்கொண்டே போனால், பல பதிப்புகளில் 'ஐஎஸ்சி' என்று அதுவே நிரப்பிவிடும். உரிமக் கோப்பில் எம்ஐடி இருக்கும். மற்றது, 'அன்லைசன்ஸ்' என்பதும் 'அன்லைசன்ஸ்டு' என்பதும். முதலாவது, பொதுவுடைமையாக விட்டுக்கொடுக்கும் உரிமம். இரண்டாவது, யாருக்கும் எந்த உரிமையும் தரவில்லை என்று என்பிஎம்மிடம் சொல்லும் சொல். ஒரே ஒரு ஆங்கில எழுத்தில் எல்லாம் தலைகீழ்.

டெபியனில் பதிப்புரிமைக் கோப்பில் கோப்பு வாரியாக எழுத வேண்டும், கடைசியில் பொருந்தும் பத்திதான் செல்லும். ஆகவே நட்சத்திரம் போட்ட பொதுப் பத்தியை முதலில் வையுங்கள். அங்கே குறுகிய பெயர்களும் வேறு: எம்ஐடிக்கு 'எக்ஸ்பாட்', ஆர்-லேட்டருக்கு கூட்டல் குறி. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை எஸ்பிடிஎக்ஸ் குறிகளுக்கு மாறிவிட்டது. அதன் லைசன்ஸ் புலம் பயனர் நிறுவும் பைனரி ஆர்பிஎம் தொகுப்புக்குள் இருப்பதைச் சொல்ல வேண்டும். 'எல்லாம் சேர்ந்தால் ஜிபிஎல்தானே' என்று சுருக்கி எழுத அங்கே அனுமதி இல்லை.

9. கருவியை ஓட்டிப் பாருங்கள்

ஐரோப்பிய எஃப்எஸ்எஃப் அமைப்பின் ரீயூஸ் கருவியில் 'லிண்ட்' கட்டளை கொடுத்தால், குறி இல்லாத கோப்பு எது, வாசகம் இல்லாத உரிமம் எது என்று பெயரோடு சொல்லிவிடும். பிறகு ஸ்கேன்கோடை முழுக் கோப்புறையிலும் ஓட்டி, நீங்கள் 2-ஆம் படியில் எழுதிய பட்டியலோடு ஒப்பிடுங்கள். கருவி கண்டு நீங்கள் காணாதது ஏதாவது இருந்தால் அந்தக் கோப்பைத் திறந்து கண்ணால் படியுங்கள். ரீட்மீயில் 'இது ஜிபிஎல் இல்லை' என்று எழுதியிருந்தாலும் ஜிபிஎல் என்று காட்டும் அளவுக்குத்தான் கருவிகளுக்குப் புத்தி.

கடைசியாக, கட்டி முடித்த வீல் கோப்பை (பயனர் நிறுவும் பைதான் தொகுப்பை) ஜிப்பாகத் திறந்து பாருங்கள். களஞ்சியத்தில் எல்லாம் சரியாக இருந்து, பயனர் கைக்குப் போகும் கோப்பில் உரிம வாசகம் மட்டும் ஏறாமல் விடுபடுவது அடிக்கடி நடக்கிறது.

10. ஏற்கெனவே தவறாக வெளியாகிவிட்டால்

பைதான் பேக்கேஜ்களின் களஞ்சியமான பைபிஐயிலோ என்பிஎம்மிலோ வெளியான பதிப்பை அதே எண்ணில் திருத்திப் போட முடியாது. சின்ன எண் ஏற்றிப் புதிய பதிப்பு விடுங்கள். மாற்றக் குறிப்பில், இது குறியின் திருத்தம், உரிமம் மாறவில்லை என்று வெளிப்படையாக எழுதுங்கள். உரிமத்தையே மாற்றிவிட்டார்களோ என்று உங்கள் பேக்கேஜை நம்பியிருப்பவர்கள் பதறக் கூடாது. ஜிபிஎல் கோப்பை எம்ஐடி என்று வெளியிட்டிருந்தால் பழைய பதிப்பைப் பைபிஐயில் 'யாங்க்' செய்துவிடுவது, அதாவது பிப் தானாக அதைத் தேர்ந்தெடுக்காதபடி விலக்கி வைப்பது, நல்லது.

உள்ளே நகலெடுத்து வைத்திருப்பதைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அதன் உரிமத்தை மறுபடி பாருங்கள். டெராஃபார்ம் என்ற கருவி 2023-இல் எம்பிஎல்-2.0-ஐ விட்டு பியுஎஸ்எல்-1.1-க்குப் போனது. ரெடிஸ் என்ற தரவுத்தளம் 2024-இல் பிஎஸ்டி-3-கிளாஸை விட்டது, 2025-இல் ஏஜிபிஎல்லையும் ஒரு தேர்வாகச் சேர்த்தது. பழைய பதிப்புகள் பழைய உரிமத்திலேயே இருக்கும், மாற்றம் புதியதற்கு மட்டும்தான். அதனால் உங்கள் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பதிப்பு எண்ணையும் எழுதி வையுங்கள்.